ஹோம் கோர்ட் விசில்: 35-க்கு 2 என்ற கணக்கை எப்படிப் பார்ப்பது?

லாரன்ஸ்வாசி:

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்தவன் நான். எங்கள் கூடைப்பந்து அரங்கமான ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மறுநாள் வகுப்பில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. எதிரணிக்காரன் புலம்பல் என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனசு இன்னும் அந்த நீல ஜெர்சியோடுதான்.

2018 பிப்ரவரி 17. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணி எங்கள் ஊரான லாரன்ஸுக்கு வந்திருந்தது. 16,300 பேர் கொள்ளும் அரங்கம் அது. ஆட்டம் தொடங்கும் முன் ‘ராக் சாக்’ கோஷத்தை மெதுவாக இழுத்துப் பாடுவார்கள். 1955-ல் திறந்த பழைய கூடம், கூரைக்குள்ளேயே அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வரும். முதல் தடவை கேட்கிறவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அன்றைக்கு நடுவில் அவர்கள் முன்னிலையில் இருந்தார்கள், நாங்கள் எட்டிப் பிடித்தோம், 77-69 என்று ஜெயித்தோம். கடைசி நேரத்தில் அவர்கள் கோச் பாப் ஹக்கின்ஸ் இரண்டு டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) வாங்கி வெளியேற்றப்பட்டார். நாங்கள் கைதட்டி அனுப்பி வைத்தோம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, குளிரில் ஒரு கையுறையைக் கழற்றி, போனில் பாக்ஸ் ஸ்கோர் திறந்தேன். ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு: கன்சாஸ் 35. மேற்கு வர்ஜீனியா 2. இருபத்திரண்டில் ஒரு 2 விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வேறு தளத்தில் பார்த்தேன். அங்கேயும் 2-தான்.

என்னை இன்று வரை உறுத்துவது அந்த எண் இல்லை. 40 நிமிடமும் நேரில் பார்த்தேனே, ஒரு விசிலாவது எனக்குத் தப்பாகப் பட்டதா? படவில்லை. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. மூன்று ரெஃப்ரிகளும் நானும் ஒரே சத்தத்துக்குள்தான் நின்றோம். எனக்கு அப்படித் தோன்றியது என்றால், அவர்களுக்கு?

ரெஃப்ரியைத் திட்டுவதற்காக இந்த இழை இல்லை. ஹோம் டீமுக்கு விசில் சாய்கிறதா, சாய்கிறது என்றால் எதனால், என்ன செய்யலாம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. ஆனால் 35-க்கு 2 என்பதை வைத்து மட்டும் வழக்கு நிற்காது.

மேற்கு வர்ஜீனியா அந்த வருடங்களில் ஆடிய ஆட்டத்துக்கே ‘பிரஸ் வர்ஜீனியா’ என்று பேர். கோர்ட் முழுக்க மேலே விழுந்து மறிப்பார்கள். கை நீட்டி மறிக்கிற டீமுக்கு ஃபவுல் கூடத்தான் செய்யும். உங்கள் பக்கம் ரிங்குக்கு அடியில் உடோகா அசுபுகே என்ற மலை. வெளியிலிருந்து சுடுகிறவனை யாரும் இடிப்பதில்லை, உள்ளே போகிறவனைத்தான் இடிக்கிறார்கள். அதோடு, ஒரு பாதியில் எதிரணியின் 7-வது ஃபவுலிலிருந்து, ஷூட் செய்யாத ஃபவுலுக்கும் ஃப்ரீ த்ரோ வந்துவிடும்: முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது. 10-வதிலிருந்து நேராக இரண்டு. கடைசி நிமிடத்தில் பின்தங்கிய டீம் வேண்டுமென்றே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தும். இதையெல்லாம் கழித்த பிறகு 33 வித்தியாசத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த ஒரு ஆட்டம் சொல்லாது.

நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் சொல்லும். கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இருவர் 2004-05 சீசனின் 365 கல்லூரி ஆட்டங்களை ஃபவுல் ஃபவுலாக எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். அடுத்த ஃபவுல் யார் மேல் விழும் என்பதுதான் அவர்கள் கேட்டது. கிடைத்த பதில் மூன்று. வெளியூர் டீம் மேல் விழ வாய்ப்பு அதிகம். முன்னிலையில் இருக்கிற டீம் மேல் விழ வாய்ப்பு அதிகம். இதுவரை குறைவாக ஃபவுல் வாங்கிய டீம் மேல் விழ வாய்ப்பு அதிகம். ஹோம் டீம் ஏற்கெனவே நிறைய ஃபவுல் வாங்கியிருந்தால், அடுத்தது வெளியூர்க்காரன் மேல் விழும் வாய்ப்பு 70 சதவீதம் வரை போகிறது.

எனக்கு மூன்றாவதுதான் பெரிது. சரிக்கட்டும் விசில். ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 2 என்று பலகையில் தெரியும்போது, ரெஃப்ரி தன்னை அறியாமலே சமன் செய்யப் பார்க்கிறார். அப்படியென்றால் ஒழுங்காக ஆடுகிற டீமுக்கு நஷ்டம். முரட்டு ஆட்டம் ஆடுகிறவனுக்கு, எப்படியும் எண்ணிக்கை சமனாகிவிடும் என்ற தெம்பு. ஹோம் சாய்வைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

ஆனால் லாரன்ஸ்வாசி, இதே சமன் செய்யும் பழக்கத்தை உங்கள் ஆட்டத்தோடு வைத்துப் பாருங்கள். வழக்கமாக எண்ணிக்கையை நடுவுக்கு இழுக்கிற விசை அது. அன்று அது வேலையே செய்யவில்லை. அதனால்தான் எனக்கும் அந்த ஆட்டம் உறுத்துகிறது.

---

புதுப்பார்வை:

இந்த வருஷம்தான் படிக்க வந்திருக்கேன், கூடைப்பந்து இப்பதான் பார்க்க ஆரம்பிச்சேன். நேரா கேக்கறேன். ரெஃப்ரிக்குச் சம்பளம் குடுக்கறது ஹோம் யூனிவர்சிட்டியா? அப்படின்னா இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

---

கணக்குப்பிள்ளை:

பல்கலைக்கழகம் நேரடியாக நியமிப்பதில்லை. ரெஃப்ரிகள் சுயதொழில் செய்கிறவர்கள் மாதிரி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், அவர்தான் யாருக்கு எந்த ஆட்டம் என்று போடுவார். ஒரே ரெஃப்ரி பல கான்ஃபரன்ஸுக்கு வேலை செய்வார். வாரத்தில் பல ஊர், பல விமானம். மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குக் கூப்பிடுவது மதிப்பீட்டை வைத்து. அதனால் தப்பாக ஊதுவதில் அவருக்கு லாபம் இல்லை, நஷ்டம்தான். காசு வாங்கிக்கொண்டு ஊதுகிறார்கள் என்ற பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம். சாய்வு இருப்பது உண்மை, காரணம் அது இல்லை.

---

ஒஹையோ விசில்:

நான் ஒஹையோவில ஸ்கூல் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியா போறவன். பகல்ல வேற வேலை. காலேஜ் லெவல் இல்ல, ஜூனியர் வார்சிட்டி, அதாவது ஸ்கூலோட ரெண்டாம் டீம், ரெண்டே ரெண்டு ரெஃப்ரி. ஆனா இந்த விஷயத்துல நான் பேசியே ஆகணும்.

சின்ன ஊர், பேர் வேண்டாம். மர பெஞ்சு போட்ட ஜிம். கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல என் ஷூ வைக்கற அளவுக்குத்தான் இடம். பாப்கார்ன் வாசனை, பின்னாடி உக்காந்திருக்கிற தாத்தாவோட மூச்சு என் கழுத்துல. கடைசி குவார்ட்டர், ரெண்டு பாயின்ட் வித்தியாசம். வெளியூர் பையன், 11-ம் நம்பர், கூடைக்குப் பின்னாடி இருக்கற பேஸ்லைன் கோடு பக்கமா வெட்டி உள்ள போறான். ஹோம் பையன் குறுக்க வர்றான். மோதல். ஹோம் பையன் மல்லாக்க விழுந்து சறுக்கிக்கிட்டே போறான். ஜிம் மொத்தமும் ‘ஓ’ன்னு எழுந்திரிக்குது. நான் ஊதிட்டேன். கையைத் தலைக்குப் பின்னாடி வச்சு சார்ஜ், அதாவது உள்ள போனவன் மேல தப்புன்னு காட்டினேன். சந்தேகமே இல்ல எனக்கு, அவ்வளவு உறுதியா காட்டினேன்.

ராத்திரி வீட்டுல வீடியோ பார்த்தேன். 11-ம் நம்பர் தரையை விட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம்தான் ஹோம் பையனோட வலது கால் வந்து ஊணுது. பிளாக், அதாவது தடுத்தவன் மேல தப்பு. சந்தேகமே இல்லாத பிளாக். சத்தத்தை நிறுத்திட்டுப் பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் பிளாக். அப்புறம் சத்தத்தோட ஓட்டினேன். என் விசில் எப்ப வருது தெரியுமா? மோதலுக்கு அப்புறம் இல்ல, அந்த ‘ஓ’வுக்கு அப்புறம். கண்ணு பார்த்து முடிக்கறதுக்குள்ள காது முடிவு பண்ணிடுச்சு.

புதுப்பார்வை தம்பி, எனக்கு யாரும் காசு குடுக்கல. அந்த ஊர்ல யாரையும் தெரியாது. பிளாக்கா சார்ஜான்னு முடிவு பண்ண அரை செகண்டுகூட இல்ல. கால் எங்க இருக்கு, நெஞ்சு எந்தப் பக்கம், தாவறவன் எப்ப கிளம்பினான், மூணையும் ஒரே சமயத்துல பார்க்கணும். ஒரு கண்ணால மூணையும் பார்க்க முடியாது. அந்த இடைவெளியில சத்தம் வந்து புகுந்துடுது. ட்ராவலிங் (பந்தைத் தட்டாம நடக்கறது), கோட்டுக்கு வெளிய போறது மாதிரி தெளிவான விஷயத்துல இது நடக்காது. ரெண்டு பக்கமும் ஊதலாம்ங்கற இடத்துலதான் நடக்கும். ஆனா ஆட்டமே அந்த மாதிரி இடத்துலதான் முடிவாகுது.

---

ஆரஞ்சுப்பெண்:

ஒஹையோ அண்ணா சொன்ன அதே பேஸ்லைன், அதே சார்ஜ். எங்க சிராக்யூஸ் யூனிவர்சிட்டி ரசிகர்களுக்கு அது 2014 பிப்ரவரி 22-ல நின்னு போச்சு.

டியூக் யூனிவர்சிட்டியோட கேமரன் அரங்கம். 9,314 பேர்தான் கொள்ளும், ஆனா மாணவர்கள் கோட்டுக்கு ஒட்டி நிப்பாங்க, கை நீட்டினா பந்து எறியறவன் முதுகு. டியூக் 60, நாங்க 58. 10.4 செகண்டு பாக்கி. எங்க சி.ஜே.ஃபேர் பேஸ்லைன்ல போய்ப் போட்டுட்டாரு, பந்தும் விழுந்துடுச்சு. குறுக்க நின்னது டியூக்கோட ராட்னி ஹூட். விசில். சார்ஜ். கூடை கணக்குல இல்ல. எங்க கோச் ஜிம் போஹைம் போட்டிருந்த கோட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே கோர்ட்டுக்குள்ள ஓடினாரு, ரெண்டு டெக்னிக்கல், வெளிய. 66-60-ன்னு தோத்தோம்.

அந்த சீசன்தான் புது விதி வந்திருந்துச்சு. தாவறவன் மேல்நோக்கிக் கிளம்பறதுக்கு முன்னாடியே தடுக்கறவன் இடத்தைப் பிடிச்சிருக்கணும்னு. அந்த விதிப்படி அது பிளாக்தான்னு நான் அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

ஆனா முழுக் கதையையும் சொல்லணும். மூணு வாரம் முன்னாடி, பிப்ரவரி 1, அதே டியூக் எங்க ஊருக்கு வந்துச்சு. எங்க கேரியர் டோம் அரங்கத்துல 35,446 பேர், கேம்பஸ் அரங்கத்துல அதுவரைக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல. ஓவர்டைம். கடைசி செகண்டுகள்ல டியூக் பையன் டங்க் பண்ண (பந்தைக் கூடைக்குள்ள திணிக்க) தாவறான், எங்க ரக்கீம் கிறிஸ்மஸ் மேல போய்த் தடுக்கறாரு, உடம்பும் உடம்பும் படுது. விசில் இல்ல. நாங்க 91-89 ஜெயிச்சோம். தாவினது யாரு தெரியுமா? அதே ராட்னி ஹூட்.

ஒரே ரெண்டு டீம், ஒரே மாசம், கடைசி செகண்டு, ஒரே ஆளு. எங்க ஊர்ல அவருக்கு விசில் வரல, அவர் ஊர்ல வந்துச்சு. ரெண்டாவதுக்காக நான் அழுதேன். முதலாவது என் ஞாபகத்துக்கே வரல, டியூக்ல படிச்ச தோழி ஒருத்தி சொல்லித்தான் வந்துச்சு.

---

லாரன்ஸ்வாசி:

ஆரஞ்சுப்பெண், கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். நன்றி.

---

கணக்குப்பிள்ளை:

ஒஹையோ விசில் தன் வீட்டில் செய்ததை ஒரு சோதனையாகவே செய்திருக்கிறார்கள். கூடைப்பந்தில் இல்லை, கால்பந்தில். இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூவர், 2002-ல் வெளிவந்தது. லிவர்பூல்-லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களை 40 ரெஃப்ரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தம் இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் ஹோம் டீம் மேல் 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியூர் டீமை அவர்கள் கூடுதலாகத் தண்டித்துவிடவில்லை. உள்ளூர்க்காரனை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சத்தம் ரெஃப்ரியை ஊத வைப்பதைவிட, ஊதாமல் இருக்க வைக்கிறது. கேரியர் டோமில் வராமல் போன விசில் அந்த வகை. ஊதிய தப்பு வீடியோவில் மாட்டிக்கொள்ளும். ஊதாமல் விட்டது ஆட்டம் ஓடுகிற ஓட்டத்தில் மறைந்துவிடும்.

---

புதுப்பார்வை:

அப்ப கொரோனா சீசன்லயே பதில் இருக்குமே? 2020-21-ல கேமரன்ல ரசிகர்களே இல்ல. டியூக் 13-11. 1995-க்கு அப்புறம் முதல் தடவையா மார்ச் போட்டிக்கே போகல. கூட்டம் இல்லைன்னா டியூக் இல்லைன்னு ஆயிடுச்சே.

---

கணக்குப்பிள்ளை:

அவசரம் வேண்டாம் தம்பி. ஒரு டீம், ஒரு சீசன். அந்த வருடம் அவர்கள் இளம் டீம், பயிற்சி குலைந்தது, தொற்று வந்து கான்ஃபரன்ஸ் போட்டியிலிருந்தே பாதியில் விலகினார்கள். 35-க்கு 2-க்கு நான் சொன்னதே இதற்கும். கால்பந்தில் ஐரோப்பிய லீக்குகள் காலி அரங்கத்தில் ஆடியபோது நூற்றுக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்தார்கள், வெளியூர் டீமுக்கு மஞ்சள் அட்டை குறைந்தது. அது சாட்சி. டியூக்கின் ஒரு சீசன் சாட்சி இல்லை.

ஹோம் டீம் ஜெயிப்பதற்கு விசில் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. வயோமிங் பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி 7,220 அடி உயரம். கீழிருந்து வருகிறவனுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். அதை எந்த ரெஃப்ரியும் செய்யவில்லை. அரிசோனா ஸ்டேட் மாணவர்கள் 2013-லிருந்து ரிங்குக்குப் பின்னால் திரை கட்டி, எதிரணிக்காரன் ஃப்ரீ த்ரோ போடும் நேரம் பார்த்துத் திறந்து விதவிதமாக வேடம் போட்டு ஆடுவார்கள். மைக்கேல் ஃபெல்ப்ஸ்கூட 2016-ல் நீச்சல் உடையில் வந்து நின்றார். எனக்கு அது பிடிக்கும். கூட்டம் ஆட்டக்காரனை அசைக்கட்டும், அது விளையாட்டில் ஒரு பங்கு. ரெஃப்ரியை அசைக்கக் கூடாது.

---

ஹூஸ்டன் குரல்:

பெரிய பல்கலைக்கழகங்களின் துயரத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். கன்சாஸ் இன்று லாரன்ஸில் சாய்வால் லாபம் அடைந்தால், வேறொரு நாள் மேற்கு வர்ஜீனியாவின் ஊரான மார்கன்டவுனில் அதனாலேயே நஷ்டம் அடையும். வருடக் கடைசியில் ஏறக்குறைய சமன். அப்படிச் சமனாகவே ஆகாத டீம்கள் இருக்கின்றன.

நவம்பர், டிசம்பரில் பெரிய பள்ளிகள் (பல்கலைக்கழகங்களைத்தான் சொல்கிறேன்) பணம் கொடுத்துச் சின்னப் பள்ளிகளைத் தங்கள் ஊருக்கு வரவழைக்கும். சின்னப் பள்ளிக்கு அந்தக் காசில்தான் விளையாட்டுத் துறை ஓடுகிறது. ஆனால் பெரியவர்கள் திருப்பி இவர்கள் ஊருக்கு வர மாட்டார்கள். ரெஃப்ரிகளைப் போடுவதும் பெரும்பாலும் ஹோம் டீமின் கான்ஃபரன்ஸ். இங்கே ஹூஸ்டனில் டெக்சாஸ் சதர்ன் மாதிரிக் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் சீசனின் முதல் இரண்டு மாதத்தைப் பஸ்ஸிலும் விமானத்திலும் கழிக்கின்றன. பிள்ளைகள் சொந்த ஜிம்மில் ஆடவே பெரும்பாலும் ஜனவரி வந்துவிடும்.

2022 நவம்பரில் ஒரு ஏற்பாட்டின்படி பெரிய கான்ஃபரன்ஸான பாக்-12-ன் டீம்கள் சில இவர்கள் ஊருக்கே வந்து ஆடின. என்ன நடந்தது? கிராம்ப்லிங் 83, கொலராடோ 74. டெக்சாஸ் சதர்ன் 67, அரிசோனா ஸ்டேட் 66, ஓவர்டைமில். பிரெய்ரி வியூ 70, வாஷிங்டன் ஸ்டேட் 59. சில நாட்களுக்குள் சின்னப் பள்ளிகளுக்கு மூன்று வெற்றி. கிராம்ப்லிங்கில் தோற்ற கொலராடோ, இரண்டு நாள் கழித்து டென்னசியை 78-66 என்று அடித்தது. அதாவது தோற்றது சொத்தை டீம் இல்லை.

இதில் விசில் எவ்வளவு, பயணம் எவ்வளவு, சொந்தத் தரை எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்ல வரவில்லை. எல்லாம் சேர்ந்த மொத்தத்தை ஒரு பக்கமே எப்போதும் வாங்கிக்கொண்டிருந்தது என்கிறேன். போட்டியை நடத்துகிறவர்களுக்கே இது தெரியும். 2004-05-லிருந்து பழைய ஆர்பிஐ தரவரிசைக் கணக்கில் ஹோம் வெற்றிக்கு 0.6, வெளியூர் வெற்றிக்கு 1.4 என்று எடை போட்டார்கள். இப்போதைய நெட் தரவரிசையில், உள்ளூரில் முதல் 30-க்குள் இருக்கிற டீமோடு ஆடினால்தான் முதல் தர ஆட்டம். வெளியூரில் 75 வரை இருந்தாலே போதும். 30-க்கும் 75-க்கும் இடையிலான அந்தத் தூரம்தான் ஹோம் கோர்ட்டுக்கு அவர்களே எழுதிக் கொடுத்த விலை. விலை தெரிந்தும், சின்னப் பள்ளி ஊருக்குப் போ என்று எந்தப் பெரிய பள்ளியையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

---

லாரன்ஸ்வாசி:

ஹூஸ்டன் குரல், நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. எங்கள் நவம்பர் ஆட்டங்களுக்கு ‘ஈஸி கேம்’ என்று டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? ரீப்ளே விரிவாக்கினால்?

---

கணக்குப்பிள்ளை:

2025-26-லிருந்து ஆண்கள் ஆட்டத்தில் கோச் சேலஞ்ச், அதாவது வீடியோவைப் பார்க்கச் சொல்லிக் கோச் கேட்கும் உரிமை, வந்திருக்கிறது. பந்து யார் கை பட்டு வெளியே போனது, கோல்டெண்டிங் (கூடைக்குள் இறங்கும் பந்தைத் தடுப்பது), ரிங்குக்கு அடியில் இருக்கும் வளைவுக்குள் தடுத்தவர் கால் இருந்ததா, இவை மட்டும். ஃபவுலா இல்லையா என்பதைக் கேள்வி கேட்க முடியாது. அதாவது ஒஹையோ விசில் சொன்ன, சத்தம் புகுகிற அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. பிளாக்-சார்ஜ் விதியை 2023-24-ல் மறுபடி மாற்றினார்கள்: தாவுகிறவன் கடைசிக் காலை ஊன்றும்போதே தடுப்பவன் இடத்தில் இருக்க வேண்டும். தடுப்பவனுக்குக் கடினம், ரெஃப்ரிக்குக் கொஞ்சம் எளிது. நல்ல மாற்றம்.

பெண்கள் ஆட்டம் 2015-16-லேயே நான்கு குவார்ட்டருக்கு மாறியது. 5-வது ஃபவுலில் இரண்டு ஃப்ரீ த்ரோ, ஆனால் குவார்ட்டர் முடிந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடப் பாதி. ஆரம்பத்தில் சாய்ந்த நாலு விசில், பாதி முடியும்வரை வட்டி கட்ட வைக்கும். குவார்ட்டருக்கு மாறினால் அந்தச் சுமை பாதியிலேயே இறங்கிவிடும்.

என்னைக் கேட்டால் முதல் தேவை வேறு. தொழில்முறை லீக்கான என்பிஏ 2015 மார்ச்சிலிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஊதிய விசில், ஊதாமல் விட்ட விசில் எல்லாவற்றையும் மறுநாள் மதிப்பிட்டு வெளியிடுகிறது. ஊதாததையும் என்பதுதான் முக்கியம். கல்லூரி ஆட்டத்தில் கான்ஃபரன்ஸ்கள் ரெஃப்ரியை மதிப்பிடுகின்றன, ஆனால் அது உள்ளேயே இருந்துவிடுகிறது. அந்த ஏட்டைத் திறக்கட்டும், ஹோம்-வெளியூர் பிரித்துக் காட்டட்டும்.

---

ஒஹையோ விசில்:

கணக்குப்பிள்ளை சார், மதிப்போட மறுக்கறேன். ரெஃப்ரி பேரோட வெளியிட்டா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?

2017 மார்ச், மெம்பிஸ், வட கரோலினா 75, கென்டக்கி 73. நடு ஊர்ல நடந்த ஆட்டம், யாருக்கும் ஹோம் கோர்ட் இல்ல. அதுல ஊதின ஒரு ரெஃப்ரிக்குக் கூரை போடற தொழில் இருந்துச்சு. தோத்த டீம் ரசிகர்கள் அவர் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடிச்சு, கொலை மிரட்டல், இன்டர்நெட்ல பொய் ரிவ்யூ, ஒரு கூரையும் அவர்கிட்ட போடாதவங்க எல்லாம் ஒரு ஸ்டார் குடுத்தாங்க. அவர் கோர்ட்டுக்குப் போற வரைக்கும் வந்துச்சு. 2018-ல சுப்ரீம் கோர்ட் ஆட்டத்து மேல பந்தயம் கட்டறதைத் திறந்து விட்டதுக்கு அப்புறம், இப்ப ஒவ்வொரு விசில்லயும் யாரோ ஒருத்தன் காசு போகுது.

ஜூனியர் வார்சிட்டிலயே பார்க்கிங் வரைக்கும் என் கூட நடந்து வர ஆள் போடறாங்க. புதுசா வர்ற பசங்க ஒரு சீசன் ஊதிட்டு விட்டுடறாங்க. கணக்கை வெளியிடுங்க, கான்ஃபரன்ஸ் வாரியா, மொத்தமா. பேரு வேண்டாம். ஆனா எங்களுக்கு எங்க பேரோட தனியா குடுங்க. ‘உன் ஹோம் கணக்கு இது, வெளியூர் கணக்கு இது’ன்னு எனக்கு ஒருத்தர் காட்டியிருந்தா, அந்த சார்ஜுக்கு முன்னாடியே நான் மாறியிருப்பேன். சத்தம் போட்டு வீடியோ, சத்தம் இல்லாம வீடியோ, ரெண்டையும் போட்டுப் பயிற்சி குடுங்க. இதுக்குப் பெரிய செலவு இல்ல.

---

கணக்குப்பிள்ளை:

ஏற்றுக்கொள்கிறேன். பேர் இல்லாமல் மொத்தக் கணக்கு பொதுவில், தனிக் கணக்கு ரெஃப்ரி கையில். என் முந்தைய பதிவில் இருந்ததைவிட இது நல்ல யோசனை.

---

ஆரஞ்சுப்பெண்:

ஒஹையோ அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த 11-ம் நம்பர் பையன். நீங்க ஊதினது தப்புன்னு வீட்டுல தெரிஞ்சுக்கிட்டீங்க. அவனுக்குத் தெரியுமா?

---

ஒஹையோ விசில்:

தெரியும்மா.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பையனோட ஸ்கூல் ஜிம்லயே எனக்கு ஆட்டம் போட்டாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கோச்சுங்ககிட்ட கை குலுக்கப் போவோம். அப்ப அவர்கிட்ட சொன்னேன், அன்னிக்கு உங்க 11-ம் நம்பர் மேல நான் ஊதின சார்ஜ் தப்பு, வீடியோ பார்த்தேன், அது பிளாக். அவர் கையை விடாம கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாரு. எனக்குத் தெரியும், நானும் பார்த்தேன், அவன்கிட்ட நான் சொல்லிடறேன்னாரு. பசங்க லேஅப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாரு. பையன் திரும்பி என்னைப் பார்த்தான், ஒரு தடவை தலையாட்டினான், திரும்ப வரிசைக்குப் போயிட்டான்.

ரெண்டாவது குவார்ட்டர்ல அதே பையன் அதே மாதிரி பேஸ்லைன்ல உள்ள போனான். மோதல். இப்ப அவங்க ஊரு, அவங்க ஜனம், மொத்தமும் எழுந்து பிளாக் பிளாக்னு கத்துது. தடுத்தவன் ரெண்டு காலும் முன்னாடியே ஊணியிருந்துச்சு. நான் பார்த்தேன். இந்தத் தடவை காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சார்ஜ் ஊதினேன். கூட்டம் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. பையன் எழுந்து, பந்தை எடுத்து என் கையில குடுத்துட்டு, டிஃபென்ஸுக்கு ஓடிட்டான்.